பூ ஒட்டிய வட்டுகள்

கர்ர்ர்... டக். கர்ர்ர்... டக், டக்.

முன்னறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது. குழாய் மட்டும் தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

கணினிக்குள் சிடி வட்டு சுழலும் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு சீரான ரீங்காரம், வேலை முடிந்ததும் ஒரு சின்ன முனகல். தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்லிவிடுவாள். இது அதுவல்ல. கால் ஒடிந்த மேஜையை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது.

"ஏம்மா, உன் பெட்டி ஏன் இப்படி உறுமுது? உள்ளே பூனை ஏதாவது மாட்டிக்கிச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லை அத்தை, நான் பார்க்கறேன்."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். திரையில் சிவப்பாக ஒரு வரி. வட்டைப் படிக்க முடியவில்லை. பாதி கூடத் தாண்டவில்லை.

அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நழுவி விழுந்தது. ஏனென்றால் அந்த வட்டின் உறையில், அவள் கையாலேயே, நீல மையில், "சரி" என்று எழுதியிருந்தது.

தெருவில் அவளுக்குப் பெயர் ரெண்டுதரம். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வெளியே கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பாள்; நாலு வீடு தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். "ரெண்டுதரம் ஆச்சு, இனிமே மழையே வந்தாலும் திரும்பாது" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே பூட்டை இழுப்பாள்.

கல்யாணத்துக்கு முன்னால் மருந்துப் பொட்டலம் கட்டும் கூடமொன்றில் வேலை பார்த்தாள். அட்டையின் ஒவ்வொரு குழியிலும் மாத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு குழி காலியாக இருந்தால் எங்கோ ஒரு நோயாளிக்கு ஒரு வேளை மருந்து இல்லாமல் போகும். அதை நினைத்துச் சாப்பாட்டு இடைவேளையில்கூட அவளுக்குச் சோறு இறங்காது. அந்தக் கூடத்துக்குப் பெட்டி ஏற்ற வந்த லாரிக்காரர்தான் அவள் கணவர். "உன்னைக் கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு" என்று அவர் வியர்த்துக் கொட்டியபடி சொன்னபோது, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாளாம். வெட்கமும் இல்லை, நாடகமும் இல்லை. பழக்கம். "அன்னைக்கே வண்டியைப் பின்னாடி எடுத்திருக்கணும்" என்று இன்றைக்கும் அவர் சொல்லிக் காட்டுவார். ஆனால் அன்று இரண்டாவது முறையும் சொன்னவர் அவர்தான்.

இப்போது அவளுக்கு வீட்டிலேயே வேலை. பழைய கணினிகளைச் சீர்செய்து பள்ளிக்கூடம், மருத்துவமனை, நூலகம் என்று கொடுத்துவரும் சங்கம் ஒன்று உண்டு. இணைய இணைப்பு ஒழுங்காக எட்டாத இடங்கள் அவை. அங்கே கணினியை உயிர்ப்பிக்க வேண்டிய மென்பொருள் வட்டில்தான் போக வேண்டும். அந்த வட்டுகளில் மென்பொருளை எழுதி, பழுதில்லை என்று சரிபார்த்து அனுப்புகிறவள் இவள்.

சரிபார்ப்பது எப்படி என்று கேட்டால் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். வட்டில் இருப்பதையெல்லாம் கணினி முதலிலிருந்து கடைசிவரை படிக்கும். படித்ததைக் கூட்டிக் கலக்கி, எண்ணும் எழுத்துமாக ஒரே ஒரு நீள வரியாகக் கொடுக்கும். மென்பொருளைச் செய்தவர்களும் தங்கள் வரியை வெளியிட்டிருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் வட்டு சுத்தம். உள்ளே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் வரி அடையாளம் தெரியாமல் மாறிப்போகும். "மனுஷங்களுக்கும் இப்படி ஒரு வரி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!" என்பாள்.

வட்டை எழுதியவுடன் ஒரு முறை பார்ப்பாள். ஆறவிட்டு மறுபடி ஒரு முறை பார்ப்பாள். அதன் பிறகுதான் வட்டு பக்கத்து அறைக்கு, அத்தையிடம் போகும்.

அத்தை அந்த வீட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

கணவர் மாதத்தில் பாதி நாள் சாலையில் இருப்பார். வீட்டில் பேச்சுத்துணை கணினிப் பெட்டிதான். அதனிடம் "சாப்பிட்டியா" என்று ஒரு நாள் கேட்டுவிட்டுத் தானே பயந்துபோயிருக்கிறாள். அப்படியிருந்த வீட்டுக்குப் பெரிய மகன் வீட்டிலிருந்து மாமியார் வந்து சேர்ந்தார், ஒரு பெரிய பழுப்புத் துணிப்பையோடு.

"அங்கே என்ன குறை அத்தை?"

"ஒரு குறையும் இல்லை. என்னைச் சோபா மாதிரி வச்சிருந்தாங்க. காலையில ஒரு தடவை தூசி தட்டுவாங்க, அவ்வளவுதான். இங்கே பாரு, இப்பவே சொல்லிடறேன். எனக்கு வேலையில்லாத வீட்டுல நான் தங்க மாட்டேன். இங்கேயும் உட்கார வச்சா, பையைத் தூக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பையைப் பிரிக்காமல் கதவுக்குப் பின்னால் அப்படியே வைத்துவிட்டார். வேண்டியபோது ஒரு துணியை எடுப்பார். துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைப்பார். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் மருமகளுக்குப் பயம் வந்துவிடும். வீட்டில் இப்போதுதான் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. அது மறுபடி நின்றுபோனால்?

வேலை தானாக வந்தது. உறைக்குள் போடக் காத்திருந்த வட்டுகளை ஒரு நாள் அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, எல்லாம் மொட்டை மொட்டையா! ஒரு அழகு வேண்டாமா?" என்று பரிசுப்பொருள் சுற்றும் பளபளப்புத் தாளை எடுத்துக் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். இதழ் மேல் இதழாக மூன்று அடுக்கு. வட்டின் ஓரத்தில் ஒரே ஒரு பூ. பசையை அவர் கஞ்சத்தனமாக வைப்பதில்லை.

அந்தப் பூ ஊரெல்லாம் போயிற்று. "நூலகத்து அம்மா பூ வட்டுன்னே பேர் சொல்லிக் கேக்கறாங்க" என்று சங்கத்துச் செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அதை அத்தை தையல்காரரிடம் சொன்னார், பால்காரரிடம் சொன்னார், தப்பான எண்ணுக்கு அழைத்த யாரோ ஒருவரிடமும் சொன்னார். அன்று மாலையே பையிலிருந்து பாதித் துணிமணிகள் அலமாரிக்கு ஏறின. மருமகள் அதைக் கண்டும் காணாததுபோல அடுக்களைக்குள் போய், அடுப்பைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீதிப் பாதி இன்னும் பைக்குள்தான் இருந்தது.

இன்று காலையில் செயலாளரின் குரல் வேறு மாதிரி வந்தது.

"பாதியில நின்னுடுதும்மா. ஒரு பள்ளிக்கூடம்னா அவங்க மெஷின் சரியில்லைன்னு சொல்லலாம். ஆஸ்பத்திரியிலேயும் அதே கதை, நூலகத்திலேயும் அதே கதை. திரும்பி வந்ததுல ரெண்டைத் தபால்ல போட்டிருக்கேன், பாருங்க. சாயங்காலம் நானே வரேன். காரணம் தெரியலைன்னா வட்டு வேலையைக் கடைத்தெருவுல குடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லை."

வேலை போனால் பூவும் போகும். பூ போனால் அத்தை போவார். நேரான கணக்கு. அதை ஒரு முறை போட்டுப் பார்த்ததே போதுமென்று இருந்தது அவளுக்கு.

உறுமிய வட்டை வெளியே எடுத்தாள். கம்பியை மாற்றினாள். வட்டு வைக்கும் தட்டை ஊதினாள். திரும்பி வந்த இன்னொரு வட்டைப் போட்டாள்.

கர்ர்ர்... டக், டக்.

அடுத்த அனுப்புதலுக்காக அடுக்கிவைத்திருந்ததிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டாள். இன்னும் அத்தையின் அறைக்குப் போகாதது அது. பெருமூச்சு, ரீங்காரம், முனகல். வரி வந்தது. எழுத்துக்கு எழுத்து பொருந்தியது.

பெட்டியில் குறையில்லை. எழுதியதிலும் குறையில்லை. பின்னே?

"எனக்கு இந்தச் சத்தம் தெரியும்மா."

அத்தை வாசற்படியில் நின்றிருந்தார். கையில் கத்தரிக்கோல்.

"துவைக்கிற மெஷின்ல ஒத்தைப் போர்வையைப் போட்டுப் பாரு. தண்ணியைக் குடிச்சிட்டு எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிக்கும். அப்புறம் சுத்தும்போது இதே டக் டக்தான். பெரியவன் வீட்டுல ஒரு நாள் மெஷின் வாசல் வரைக்கும் நடந்தே போயிடுச்சு. எனக்கு முன்னாடி அது கிளம்பிடுமோன்னு நான் குறுக்க நின்னு பிடிச்சேன்!"

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"இதுலேயும் எங்கேயோ ஒரு பக்கம் கனம் ஏறியிருக்கு. எவன் பண்ணின வேலையோ! கண்டுபிடிச்சு நாலு வார்த்தை நறுக்குன்னு கேளு, சும்மா விடாதே" என்று சொல்லிவிட்டு அத்தை குழம்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மருமகள் கையிலிருந்த வட்டை மெதுவாகத் திருப்பினாள். ஓரத்தில் மூன்று அடுக்கு இதழ்களோடு ஒரு பூ. தாராளமான பசை. ஒரு பக்கம் மட்டும்.

ஐயோ, அந்தப் பூவா!

எழுந்து போய்க் கணவருக்குத் தொலைபேசி போட்டாள். குரலை அமுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீயே பக்குவமா சொல்லிடேன்" என்றார் அவர்.

"உங்க அம்மா. நீங்க சொல்லுங்க."

"எனக்குப் பாலம் வந்துடுச்சு. சிக்னல் போயிடும்..."

"போன தடவையும் இதே பாலம்தானே வந்துச்சு?"

ஆனால் சிக்னல் அதற்குள் போய்விட்டது. முப்பது டன் சுமையை மலை ஏற்றுகிற மனிதருக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லத் தைரியமில்லை.

சத்தமில்லாமல் பூவை எடுத்துவிட்டால்? நகத்தால் மெல்ல நெம்பினாள். பூ வந்தது. அதோடு வட்டின் வெள்ளிப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. பூ இருந்த இடத்தில் கண்ணாடி போல ஒரு பூ வடிவ ஓட்டை. ஜன்னல் வெயில் அதன் வழியாகப் பாய்ந்து எதிர்ச் சுவரில் விழுந்தது. சுவரில், ஐந்து இதழோடு, ஒளியால் ஆன ஒரு பூ.

"அடடே, சுவத்துல பார்த்தியா!" அத்தை கரண்டியோடு வந்து நின்றிருந்தார். "என் பூதானே அது? எவ்வளவு அழகா..."

சுவரைப் பார்த்தார். மருமகளின் கையிலிருந்த வட்டைப் பார்த்தார். அவள் நகத்தில் ஒட்டியிருந்த பளபளப்புத் தாளைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் கனம்" என்றார், மிக மெதுவாக.

"அத்தை, அது வந்து..."

"போர்வை நான்தானா?"

அவ்வளவுதான் கேட்டார். திரும்பித் தன் அறைக்குப் போனார். சற்று நேரத்தில் அலமாரி திறக்கும் ஓசை. பிறகு, கதவுக்குப் பின்னாலிருந்து பை இழுபடும் ஓசை. மருமகளின் உயிரே அந்தப் பையோடு தரையில் இழுபட்டது. ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளலாமா என்று அவள் எழுந்த அதே நேரத்தில் வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். செயலாளர் தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து நின்றிருந்தார். பருத்த உடம்பு, மேல்மூச்சு. கையிலிருந்த பிளாஸ்டிக் உறையின் அடி கிழிந்து, திரும்பி வந்த வட்டுகள் வாசற்படியெங்கும் சிதறின. ஒன்று மட்டும் நாணயம் போல உருண்டு தெருவைக் கடந்து தையல்காரரின் திண்ணையில் போய் முட்டி நின்றது.

"இது என்ன சார், பேப்பர்காரர் மாதிரி வீசறீங்க?" என்றார் தையல்காரர் அங்கிருந்தே.

பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். செயலாளர் தண்ணீர் குடித்தார். "சொல்லுங்கம்மா. என்ன காரணம்?"

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். அடுத்த அறை நிசப்தமாக இருந்தது.

"தப்பு என்னோடது சார்."

"உங்களோடதா? நீங்க எல்லாத்தையும் ரெண்டு தடவை பார்ப்பீங்களே!"

"பார்த்தேன் சார். ரெண்டு தடவையும்..." அத்தையைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வார்த்தை வெளியே வரும்போதே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய்யே இல்லை இது! "ரெண்டு தடவையும் பூ ஒட்டறதுக்கு முன்னாடி பார்த்தேன். ஒட்டினதுக்கு அப்புறம் ஒரு தடவைகூடப் பார்க்கலை. கடைசியா வெளியே போற பொருளைத்தானே சார் பார்க்கணும்? நான் அதுக்கு முந்தின பொருளைப் பார்த்துட்டு 'சரி'ன்னு எழுதிட்டேன். ஓரத்துல கனம் ஏறினா, வேகமா சுத்தற மெஷின்ல ஆட்டம் கண்டு படிக்க முடியாமப் போகுது. மெதுவா சுத்தறதுல தப்பிச்சிடுது. அதான் சிலருக்கு ஓடுது, சிலருக்கு நிக்குது."

"அவ பேச்சைக் கேக்காதீங்க தம்பி!"

அத்தை வந்து நின்றார். தோளில் பழுப்புப் பை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒட்டினது நான். பசையை அள்ளி அப்பினது நான். அவ வாயைத் திறந்து கேக்கவே இல்லை, நானா போய் உட்கார்ந்தேன். தப்பு என்னோடது."

"இல்லை சார், பார்க்க வேண்டியது என் வேலை."

"நீ சும்மா இரு. பெரியவங்க பேசும்போது குறுக்க வராதே."

"இதுல மட்டும் வருவேன் அத்தை. 'சரி'ன்னு எழுதினது யாரு? நீங்களா?"

"எழுத விட்டா நானே எழுதியிருப்பேன்!"

செயலாளர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தலைக்கவசம் இன்னும் தலையிலேயே இருந்தது. "எங்க சங்கத்துல தப்பு நடந்தா ஒருத்தரும் கையைத் தூக்க மாட்டாங்க. இங்கே என்னடான்னா ஏலம் போடறீங்க! பூ பிரமாதம்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். அப்போ என்னையும் சேர்த்துக்கோங்க" என்றார்.

அழுகையோடு நின்ற மருமகளுக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. அத்தை சிரிக்கவில்லை, ஆனால் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

"காரணம் தெரிஞ்சிடுச்சு, அது போதும்" என்றார் செயலாளர். "காலையில பள்ளிக்கூடத்துல முதல் வகுப்பு. ஒரு பெட்டி நிறைய நல்ல வட்டு வேணும். இப்போ முடியுமா?"

"எழுதி அடுக்கி வச்சிருக்கேன் சார். இந்தத் தடவை எல்லாம் முடிச்ச பிறகு, கடைசியிலதான் சரிபார்ப்பேன்." அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சேர்த்துச் சொன்னாள்: "மென்பொருள் பேரை மட்டும் வட்டு நடுவுல இருக்கிற கண்ணாடி வளையத்துல பேனாவால எழுதிடலாம்."

பூவைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. செயலாளரும் சொல்லவில்லை.

அத்தை கீழே கிடந்த காகித உறையொன்றை எடுத்தார். முன்னும் பின்னும் பார்த்தார்.

"ஏம்மா, இந்த உறை மெஷினுக்குள்ள போகுமா?"

"போகாது அத்தை. வட்டு மட்டும்தான் போகும்."

"அப்போ உறை சுத்தாதே?"

"சுத்தாது அத்தை."

"சுத்தாத இடத்துல எவ்வளவு கனம் இருந்தா என்ன? நாலு அடுக்கு ஒட்டுவேன், யாரு கேக்கறது?"

செயலாளர் கைதட்டியே விட்டார். மருமகள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு வேலை பறந்தது. நடு வளையத்தில் பெயரை எழுதினாள், மை காயவிட்டாள், வட்டைக் கணினிக்குள் தள்ளினாள். பெருமூச்சு. ரீங்காரம். வரி திரையில் வந்தது.

"அத்தை, ஒருத்தரே பார்த்தா கண்ணு ஏமாத்திடும். திரையில இருக்கிறதை நீங்க சத்தமா படிங்க. நான் காகிதத்துல இருக்கிறதைப் பார்க்கறேன்."

"எனக்கு இங்கிலீஷ் எழுத்து எல்லாம் தெரியாதே!"

"எண்ணுக்கு நடுவுல ஆறே ஆறு எழுத்துதான் வரும். ஏயிலிருந்து எஃப் வரைக்கும்."

"எஃப்போட நிறுத்திட்டாங்களா? மிச்ச எழுத்தெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் வட்டுக்கு ஆறு எழுத்தையும் பழகினார். இரண்டாவது வட்டில் தடுமாறவில்லை. மூன்றாவது வட்டில் அவர் குரலில் ஒரு அதிகாரமே வந்துவிட்டது. "ஏழு, சி, சைபர், சைபர், எஃப்... இருங்க தம்பி, தேநீரை உறிஞ்சாதீங்க, எனக்குத் தப்பிப்போகுது."

செயலாளர் உறிஞ்சாமல் குடித்தார். குடித்து முடித்து, அத்தை வெட்டிப் போட்ட இதழ்களை உறைகளில் ஒட்டிக் கொடுத்தார். அவர் ஒட்டிய பூ கோணலாக இருந்ததால் அத்தை அதைப் பிரித்து மறுபடி ஒட்டினார். தெருவில் விளக்கு எரியத் தொடங்கியபோது கடைசி உறையில் மருமகள் "சரி" என்று எழுதினாள். அதை ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

செயலாளர் எழுந்தார். அடி கிழிந்த பிளாஸ்டிக் உறையைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "பை ஏதாவது இருக்குமாம்மா?"

மருமகள் அடுக்களைப் பக்கம் திரும்புவதற்குள் அத்தை குனிந்தார். பழுப்புப் பையைத் தூக்கி, மடித்து வைத்திருந்த துணிமணிகளை எல்லாம் நாற்காலியில் கொட்டினார். உள்ளே கையைவிட்டு, அடியில் கிடந்த சீப்பையும் எடுத்துக்கொண்டார்.

"இந்தாங்க தம்பி. கெட்டித் துணி. கிழியாது."

"நாளைக்கே திருப்பிக் கொண்டுவந்து குடுத்துடறேன்மா."

"ஒண்ணும் அவசரமில்லை. சங்கத்துலேயே வச்சுக்கோங்க. இனிமே சிடி எல்லாம் அதுலேயே போகட்டும், வரட்டும்."

மருமகள் நாற்காலியில் கிடந்த துணிக்குவியலைப் பார்த்தாள். அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அத்தை பார்த்துவிடப் போகிறாரே என்று முகத்தை அதற்குள் புதைத்துக்கொண்டாள்.

"எதுக்கு என் துணியை நனைக்கிறே? மடிச்சு அலமாரியில வை" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே.

செயலாளர் பையை மார்போடு அணைத்தபடி படி இறங்கினார். வண்டி இரண்டு முறை இருமி, மூன்றாவது முறை கிளம்பியது. எதிர்த் திண்ணையிலிருந்து தையல்காரர் கையை ஆட்டினார். அத்தை கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார். இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து, தாழ்ப்பாளை இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.